நினைவில்லை என்றேன்

"நாங்கள் எப்போது அனுமதி கேட்டோம்?"

தெற்குத் தரப்பு இன்ஜினியர் இதை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அல்ல. குரலை உயர்த்தவில்லை. பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

நான் சொன்ன பதில்: "எந்த வார்த்தையில் சொன்னீர்கள் என்று சரியாக நினைவில்லை."

நினைவிருந்தது. அவர் சொன்னதை எழுதி வைத்த நோட்டு என் மடியில்தான் இருந்தது. நாலைந்து பக்கம் பின்னால் திருப்பியிருந்தால் போதும்.

2017 அக்டோபர், சைப்ரஸின் தலைநகர் நிகோசியா. 1974-லிருந்து அந்தத் தீவு இரண்டு துண்டு: தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்கள், வடக்கே துருக்கிப் படையோடு துருக்கிய சைப்ரஸ்காரர்கள், நடுவில் ஐ.நா. படை காவல் நிற்கும் ஒரு பட்டை நிலம். விஷயம் மிகச் சின்னது. ஓர் ஓடையைத் தூர் வார வேண்டும். சைப்ரஸ் விவகாரத்தைக் கவனித்தவர்களுக்கு அந்த வருடம் எப்படிப்பட்டது என்று தெரியும். ஜூலை 7 விடிவதற்கு முன் சுவிட்சர்லாந்தின் க்ரான்ஸ் மொன்டானாவில் ஐ.நா. பொதுச்செயலர் குட்டேரஸ் வெளியே வந்து, தீவை ஒன்றாக்குவதற்கான மாநாடு உடன்பாடில்லாமல் முடிந்தது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பெரிய மேசைகள் எல்லாம் காலி. என்னைப் போன்றவர்களுக்கு மிச்சமிருந்தது ஓடை, மின்கம்பம், ஆலிவ் தோட்டம், தெருநாய் இவைதான். நான் ஐ.நா. படையை ஒட்டி வேலை செய்த ஒரு சிறிய குழுவில் இருந்தேன். பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் போய் வருவது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது, பிறகு அதை இரண்டு பேரும் கையில் வாங்கக்கூடிய ஒரு காகிதமாக்குவது. என் வேலை அவ்வளவுதான்.

அந்த ஓடை பெடியோஸ் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு கிளை. தெற்கிலிருந்து வருகிறது, பஃபர் ஜோன் என்கிற இடைநிலத்தைக் கடக்கிறது, வடக்கே போகிறது. அதற்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர், துருக்கியில் வேறு பெயர். இரண்டையுமே எழுதாமல் விடுகிறேன், பழக்கதோஷம். வருடத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும். மழை வந்தால் ஒரே நாளில் பொங்கும். இடைநிலத்துக்குள் யாரும் கை வைக்காததால் நாணல், சேறு, பழைய டயர் என்று அடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பு அப்படியே இருந்தால் தண்ணீர் பின்னால் ஏறித் தெற்குப் பக்கத்துப் பட்டறைகளுக்குள் போகும். அடைப்பு உடைந்தால் மொத்தமாக வடக்குப் பக்கத்து வீடுகளுக்குள் போகும். இரண்டு தரப்புக்கும் ஒரே தேவை. ஒரு ஜேசிபி, மூன்று நாள். மேலும் கீழும் பார்த்தால் இருநூறு மீட்டர் இருக்கும்.

காகிதத்தில் பார்த்தால் இடைநிலத்துக்குள் எந்த வேலைக்கும் ஐ.நா. சம்மதித்தால் போதும். உழுவதற்கும் ஆலிவ் பறிப்பதற்கும் அங்கேதான் மனு போகிறது. நடைமுறையில் அப்படி இல்லை. துருக்கிப் படையின் காவல் மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மஞ்சள் இயந்திரம் நகர்ந்தால் யாராவது போனை எடுப்பார்கள். அதனால் முன்கூட்டியே இரண்டு பக்கமும் பேசி வைப்பது வழக்கம்.

தெற்கு இன்ஜினியரிடம் போனேன். அவர் சொன்னது இது: "அது எங்கள் நாட்டு நிலம். அங்கே மண் அள்ள அவர்கள் அனுமதி எங்களுக்கு வேண்டாம். தெரிவிக்கிறோம், அவ்வளவுதான்."

அவர் திமிராகப் பேசினார் என்று நினைக்கக் கூடாது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் வேறு மாதிரிச் சொல்ல முடியாது. 1983-இல் வடக்கு தன்னைத் தனி நாடாக அறிவித்தபோது, அது சட்டப்படி செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 541-ஆம் தீர்மானத்தில் சொன்னது. துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. அங்குள்ள ஓர் அலுவலகத்திடம் அனுமதி கேட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தாலும், அந்தச் சீட்டு ஒரு நாள் ஏதோ ஒரு நீதிமன்றத்தில் எதிரே வந்து நிற்கும் என்று அவருக்குப் பயம். அவர் தண்ணீர்க்காரர், வக்கீல் அல்ல. ஆனால் அந்தத் தீவில் குழாய் பதிப்பவனும் பாதி வக்கீல்தான்.

அன்று மதியமே வடக்கே போனேன். கடவு தாண்டி, கார் நிறுத்தி, எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அந்தப் பக்கத்து இன்ஜினியர் வயதானவர், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. அவரிடம் நான் சொன்னது: "இந்த வேலையைப் பற்றி உங்களிடம் பேசச் சொன்னார்கள். உங்கள் தரப்பில் ஆட்சேபணை இருக்காது என்று எதிர்பார்க்கிறார்கள்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் எத்தனையோ முறை தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் வாக்கியம் தப்பில்லை. தெரிவிப்பதும் பேசுவதுதானே. இரண்டாவதில் 'எதிர்பார்க்கிறார்கள்' என்ற சொல் என்னுடையது. அவர் எதையும் எதிர்பார்ப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரிடம் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்கினால், அவர் தடுக்க மாட்டார் என்று எதிர்பார்ப்பது அதிலேயே இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

பெரியவர் சிரித்தார். "அப்படியென்றால் கேட்கிறார்கள்," என்றார்.

நான் காபிக் கோப்பையைப் பார்த்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது அந்த 'எதிர்பார்க்கிறார்கள்' பற்றித்தான் எழுதப்போவதாக நினைத்தேன். எழுத எழுத, அந்தச் சொல்லைவிடக் கோப்பையைப் பார்த்த அந்த நேரம்தான் கனமாக இருக்கிறது. சொல்லுக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். ஆட்சேபணை வேறு, அனுமதி வேறு. நம் ஊரில் தடையில்லாச் சான்று வாங்க அலைந்த எவருக்கும் இது தெரியும். கொடுப்பவன் 'நீ செய்யலாம்' என்று சொல்வதில்லை, 'செய்தால் எனக்கொன்றும் இல்லை' என்றுதான் சொல்கிறான். அந்த இடுக்கில் இரண்டு தரப்பும் நுழைந்து போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். தெற்குக்காரர் அனுமதி கேட்கவில்லை. வடக்குக்காரர் ஆட்சேபிக்கவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது, பெரியவர் 'கேட்கிறார்கள்' என்று சொல்லும் வரைக்கும். அப்போது திருத்தியிருக்க வேண்டும். திருத்தினால் அவர் முகம் சுருங்கும், ஜேசிபி வராது, மழை வந்துவிடும். சரி, போகட்டும் என்று விட்டேன்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். தரகர் சொல்லும் பொய்யைக் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நான் இருந்த ஊரில் கல்யாணம் நடக்கவே நடக்காது, ஆனால் பேச்சு மட்டும் 1964-லிருந்து நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பொய்யையும் யாராவது கோப்பில் போட்டு வைத்திருப்பார்கள்.

வார்த்தை விஷயத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பாடம் தொடங்கிவிடும். 'எல்லை' என்று சொல்லக் கூடாது, போர்நிறுத்தக் கோடு. 'சோதனைச் சாவடி' கூடாது, கடவு. வடக்கின் தலைவருக்கு 'அதிபர்' கூடாது, துருக்கிய சைப்ரஸ் சமூகத்தின் தலைவர். அங்கிருந்து வரும் கடிதத்தின் தலைப்பில் அவர்கள் நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் தெற்கே யாரும் அதைக் கையால் தொட மாட்டார்கள். ஆகவே எல்லாம் வெள்ளைத்தாள். தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை, சில சமயம் தேதிகூட இல்லை. முதலில் சிரிப்பாக வந்தது. ஆறு மாதத்தில் எனக்கே 'எல்லை' என்ற சொல் நாக்கில் வருவது நின்றுவிட்டது. ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்து வயலின் எல்லைக்கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது, நான் ஒரு நொடி தயங்கினேன். அம்மா என்னடா என்றாள்.

'மத்தியஸ்தர்' என்ற சொல்லுக்கே அங்கே ஒரு கதை உண்டு. 1964 மார்ச் 4-இல் வந்த 186-ஆம் தீர்மானம்தான் அமைதிப்படையையும் உருவாக்கியது, ஒரு மத்தியஸ்தரையும் நியமிக்கச் சொன்னது. முதலில் வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த சகாரி துவோமியோயா. சில மாதங்களில் இறந்துபோனார். அடுத்தவர் காலோ பிளாசா, ஈக்வடாரின் முன்னாள் அதிபர். 1965 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தார். கிரேக்கத்தோடு இணைப்பதும் வேண்டாம், தீவைப் பிரிப்பதும் வேண்டாம் என்கிற தொனியில் தன் கருத்துகளை அதில் எழுதியிருந்தார். மத்தியஸ்தர் தன் வேலையைத் தாண்டிவிட்டார் என்று துருக்கி அவரை ஏற்க மறுத்தது. அந்த வருடக் கடைசியில் விலகினார். அதற்குப் பிறகு அந்தப் பதவி நிரப்பப்படவே இல்லை. ஐ.நா. செய்வதற்குப் பெயர் 'நல்லெண்ண முயற்சி' என்று மாறிவிட்டது. பொதுச்செயலர் பெயரில் ஆலோசகர், சிறப்புப் பிரதிநிதி என்று வருவார்கள், மத்தியஸ்தர் என்று ஒருவர் வருவதில்லை. தனக்குத் தோன்றியதைத் தாளில் எழுதியதால் பிளாசாவுக்கு அந்தக் கதி. நான் எனக்குத் தோன்றியதை இன்னொருவர் வாயில் போட்டேன். எது மோசம்?

என் மேலதிகாரிக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது. ஜேசிபிக்காரனோடு பிளாசாவைச் சேர்க்காதே என்பார்.

மூன்றாம் நாள்தான் கூட்டம். அதற்குள் வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளில் நூற்றைம்பது மீட்டருக்கு மேல் முடிந்துவிட்டது. அந்த டிரைவரைப் போல மண் அள்ளுகிறவரை நான் பார்த்ததில்லை, நாணலை வேரோடு கோரைப்பாய் மாதிரி சுருட்டி எடுத்து ஓரத்தில் வைத்தார். ஐ.நா. சிப்பாய்கள் இரண்டு பேர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். துருக்கிப் படை மேடையிலிருந்து ஒரு பையன் முழு நேரமும் வேடிக்கை பார்த்தான். கூட்டம் எதற்கென்றால், மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்ய. இருபது நிமிட வேலை.

பெரியவருடன் அன்று ஓர் இளைஞர் வந்திருந்தார். நல்ல கோட்டு, கையில் கோப்பு. அறிமுகத்தில் பதவியைச் சொல்லவில்லை. மேலிடத்தில் இருந்து வந்தவர் என்பது பெரியவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் பேச்சைத் தொடங்கும்போது, வழக்கத்துக்கு மாறாக, வாயால் பேசாமல் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அதில் இந்த வரி இருந்தது: "தெற்குத் தரப்பின் வேண்டுகோளின் பேரில் நாங்கள் அளித்த அனுமதியின்படி..."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பிறகுதான் என் பதில்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஐந்து வினாடி இருக்கும். அந்த ஐந்து வினாடியில் நான் யோசித்ததாக இப்போது நான் நம்புவது இது. 'இல்லை, அவர்கள் கேட்கவில்லை' என்றால் பெரியவர் அந்த இளைஞர் முன்னால் பொய்யராவார், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது. 'ஆமாம், கேட்டீர்கள்' என்றால் தெற்கு இன்ஜினியர் தன் ஊரில் தலை நிமிர முடியாது, அதோடு அது அப்பட்டமான பொய். ஆகவே இரண்டு பேரையும் காப்பாற்றும் மூன்றாவது பதிலைச் சொன்னேன். நடுநிலை.

இப்படித்தான் எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த ஐந்து வினாடியில் நான் இவ்வளவு யோசித்திருக்க முடியாது. நோட்டைத் திறந்தால் என் 'எதிர்பார்க்கிறார்கள்' வெளியே வந்துவிடும் என்று மட்டும்தான் யோசித்தேன். நான் காப்பாற்றியது என்னை. மற்ற இரண்டு பேரையும் பிறகு அந்தக் கதைக்குள் உட்கார வைத்தேன்.

தெற்கு இன்ஜினியர் தலையாட்டினார். மண் எங்கே கொட்டுவது என்ற பேச்சு நடக்கவில்லை. வெளியே போய் போன் செய்தார், ஜேசிபி அப்படியே நின்றது. நாற்பது மீட்டர் பாக்கி. வடக்குக் கோட்டை ஒட்டிய நாற்பது மீட்டர், நாணல் அடர்ந்திருந்த இடம் அதுதான்.

அவரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவர் கோபப்படவில்லை. "கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் போதும்," என்றார். "அவர் என்ன வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளட்டும், பக்கத்தில் உங்கள் வார்த்தை இருந்தால் நான் வேலையை நிறுத்தியிருக்க மாட்டேன். இப்போது அவர் சொன்னது மட்டும்தான் பதிவில் இருக்கிறது. அதை மறுத்து நான் எழுதியாக வேண்டும். எழுதினால் வேலை நிற்கத்தான் வேண்டும்." இறங்கும்போது நன்றி சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டத்தில் பார்த்தோம். என்னிடம் வாயால் எதையும் சொல்லி அனுப்பவில்லை. எல்லாம் வெள்ளைத்தாளில், தட்டச்சு செய்து.

பெரியவரைப் பார்க்கப் போக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்பதற்கு என்றுதான் போனேன். யாருக்காக யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அவர் தோட்டத்தில் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் தொடங்குவதற்கு முன்னாலேயே, "அவர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அதற்கு முந்தைய கூட்டத்தில் சிகரெட் பிடிக்க வெளியே போனோமே, அப்போதே சொல்லிவிட்டார். தெரிவிக்கத்தான் செய்கிறோம், கேட்கவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்று."

பெரியவர் பிறந்தது தெற்கே, லிமசோல் பக்கம் ஒரு கிராமத்தில். அவர் கிரேக்கம் பேசுவதைக் கேட்டால் எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்ல முடியாது. 1974-க்குப் பிறகு குடும்பத்தோடு வடக்கே வந்தவர். கூட்டத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், பதிவுக்காக. சிகரெட்டுக்கு வெளியே போனால் இரண்டு பேரும் கிரேக்கத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. வெளியே சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அட, நம் வேலை பலன் கொடுக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"தெரிந்திருந்தும் ஏன் அப்படி வாசித்தீர்கள்?"

"நீங்கள் வந்து சொன்னதை நான் எழுதி மேலே அனுப்பியிருந்தேன். ஐ.நா. பக்கத்திலிருந்து வந்து தெற்கு கேட்பதாகச் சொன்னார்கள் என்று. அது இல்லாமல் எனக்கு மேலே கையெழுத்து கிடைத்திருக்காது. நீங்கள் நல்ல வாக்கியம் கொண்டு வந்தீர்கள்." குழாயை மூடினார். "அந்தப் பையன் வருவான் என்று எனக்குத் தெரியாது. வந்தால், கோப்பில் இருப்பதைத்தானே வாசிக்க முடியும்?"

ஆக, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. குழப்பம் இருந்ததாக நான் நினைத்து, அதைச் சரிசெய்ய ஒரு சொல்லைச் சேர்த்தேன். அந்தச் சொல் கோப்பில் ஏறிக் கூட்டத்துக்குத் திரும்பி வந்து ஜேசிபியை நிறுத்தியது. இப்படிச் சொன்னால் என் தவறு தெளிவாகிவிடுகிறது. ஆனால் பெரியவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஜேசிபி முதல் நாளே உள்ளே வந்திருக்காது. தூர் வாரிய நூற்றறுபது மீட்டரும் என் பொய்யால்தான். நின்றுபோன நாற்பதும் அதனால்தான். எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மேலதிகாரியிடம் முழுவதும் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலேயே அந்த நிலைமைதான் என்றார். அவர் சொன்னது க்ரான்ஸ் மொன்டானாவை. குட்டேரஸ் அங்கே ஆறு அம்சங்களை முன்வைத்தார். அது பெரும்பாலும் வாயால் சொல்லப்பட்டது. பிறகு பார்த்தால், எது சரியான வடிவம், ஜூன் 30-இல் சொன்னதா ஜூலை 4-இல் சொன்னதா என்று இரண்டு தரப்பும் மாதக்கணக்கில் வாதாடின. நாட்டுத் தலைவர்கள், வெளியுறவு அமைச்சர்கள், குறிப்பெடுக்க ஆள் படை, அவ்வளவும் இருந்த அறை அது. அங்கேயே யார் என்ன சொன்னார்கள் என்பதில் ஒத்துப்போகவில்லை. உன் ஓடை எம்மாத்திரம்?

ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், அதே காரணத்துக்காகத்தான் பயமாகவும் இருந்தது.

அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கதை சாக்கடைக் கதை. 1970-களின் கடைசியில், பிரிவினையின் காயம் காயாத காலத்தில், நிகோசியாவின் இரண்டு பக்கத்து நகரத் தலைவர்கள், தெற்கே லெலோஸ் டெமெட்ரியாடிஸ், வடக்கே முஸ்தஃபா அகின்ஜி, நகரத்துக்கு ஒரே கழிவுநீர் அமைப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். சாக்கடைக்குக் கோடு தெரியாது. சுத்திகரிப்பு நிலையம் வடக்கே இருக்கிறது, தெற்கின் கழிவில் ஒரு பகுதியும் அங்கேதான் போகிறது. அதன் பெயரை மியா மிலியா என்று ஒரு தரப்பும் ஹாஸ்போலாத் என்று மறு தரப்பும் சொல்லும். திட்டக் காகிதங்களில் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதுவார்கள். க்ரான்ஸ் மொன்டானாவில் வடக்கின் தலைவராக உட்கார்ந்திருந்தவரும் அதே அகின்ஜிதான். சாக்கடையில் ஒத்துப்போன மனிதருக்கு மாநாட்டில் ஒத்துப்போக முடியவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தத்துவம் சொல்வார்கள். எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் ஆர்வம். அந்த முதல் பேச்சில் ஒருவர் வார்த்தையை மற்றவரிடம் கொண்டுபோனது யார், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை விழுங்கினார்? அவர்கள் நேராகவே பேசிக்கொண்டிருக்கவும் கூடும். அப்படியானால் அதுவே பதில்.

நேராகப் பேச விடாமல் நடுவில் நாங்கள் நிற்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு அதற்குப் பிறகு போகவே இல்லை. அதே சமயம், நேராகப் பேசியவர்கள் சிகரெட் முடியும் வரைதான் பேச முடிந்தது என்பதும் உண்மை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்களுக்கு ஒரு மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி கேட்டுக்கொள்வதற்கு ஒரு வாய் வேண்டியிருந்தது.

இனி சொன்னதைச் சொன்னபடி மட்டுமே கொண்டுபோவது என்று அன்று முடிவு செய்தேன். நவம்பரில் ஒரு மின்கம்பத் தகராறு வந்தது. வடக்கிலிருந்து ஒருவர் சொன்னதில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். கம்பம் நட்டாயிற்று, இன்னும் நிற்கிறது என்று நினைக்கிறேன். அது பொய்யில்லையா? அது மரியாதை என்று சொல்லலாம். ஒரு சொல்லைச் சேர்ப்பது வேறு, ஒரு சொல்லை எடுப்பது வேறு என்றும் சொல்லலாம். இந்த மாதிரி சொல்வதில் நான் தேர்ந்தவன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் மாறியது. இப்போது யாராவது 'அப்படியென்றால் கேட்கிறார்கள்' என்று சிரித்தால் நான் கோப்பையைப் பார்ப்பதில்லை. 'அப்படி அவர் சொல்லவில்லை' என்று சொல்லிவிடுகிறேன். அதனால் இரண்டு காரியம் கெட்டும் போயிருக்கிறது.

அந்தக் குளிர்காலம் மழை சரியாகப் பெய்யவில்லை. தீவு முழுக்க அணைகள் வற்றிக் கிடந்தன. நாற்பது மீட்டர் நாணலைத் தாண்ட ஒரு வாளித் தண்ணீர்கூட வரவில்லை. நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. 2018 வசந்தத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பினேன். அடுத்த குளிர்காலம் கொட்டித் தீர்த்தது. டிசம்பரில் வடக்கே வெள்ளத்தில் உயிர்ச்சேதம். பிறகு அணைகள் நிரம்பி வழிகிற படங்கள். எல்லாவற்றையும் இங்கே போனில்தான் பார்த்தேன். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி எங்கள் ஓடை தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. பழைய அலுவலகத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். இதுவரை கேட்கவில்லை.

நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. குறிப்புகளைத் தமிழில்தான் எடுப்பேன். அந்தத் தீவில் யாருக்கும் படிக்கத் தெரியாது, தொலைந்தாலும் ஆபத்தில்லை என்று ஒரு கணக்கு. அன்று மேசையில் அதைத் திறந்து காட்டியிருந்தாலும் அவர்கள் பார்த்திருக்கப்போவது சுழித்த எழுத்துகளை மட்டும்தான். நான் என்ன வாசித்தாலும் நம்பித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும். இந்தச் சமாதானம் எனக்குத் தோன்றியதே இரண்டு வருடம் கழித்துத்தான்.

அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவு: "அனுமதி வேண்டாம். தெரி. மட்டும்." அவர் பேசியது ஆங்கிலம். தேவையில்லை என்றாரா, எங்களுக்கு அது வேண்டாம் என்று மறுத்தாரா? முதலாவது என்றால் நான் சேர்த்த சொல் அவ்வளவு தூரம் போய்விடவில்லை. இரண்டாவது என்றால் நேர் எதிர். இரண்டுக்கும் நான் எழுதியிருப்பது ஒரே 'வேண்டாம்'. மேசையில் உட்கார்ந்திருந்த அன்று அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இப்போது எவ்வளவு யோசித்தாலும் அவர் குரல் வருகிறது, பேனா மூடி வருகிறது, அந்தச் சொல் மட்டும் வரவில்லை. அதற்குக் கீழே ஓடையைப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். கடைசி நாற்பது மீட்டரில் குறுக்குக் கோடுகள் போட்டிருக்கிறது. அதை எப்போது போட்டேன் என்று தெரியவில்லை.